பள்ளத்தில் தங்கிய மண்

தெரிந்த ஒன்றை விட்டுவிடுவதும் உண்மையைச் சொல்வதில் சேருமா? இந்தக் கேள்விக்கு நீளமான பதில்களைப் புத்தகங்களில் படித்திருக்கிறேன். மூடி வைத்ததும் மறந்துபோயின. மறக்க முடியாதபடி அதை என் முன்னால் வைத்தவர் ஆரோக்கியசெல்வி. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் கணினி ஆய்வக உதவியாளர். அதே கல்லூரியின் நூலகத்தில் எனக்கு வேலை. இருவரும் விழுப்புரத்திலிருந்து ஒரே பாசஞ்சர் ரயிலில் போய் வருகிறவர்கள். கேள்வியை அவர் வாயால் ஒருநாளும் கேட்டதில்லை. நாற்பது வயதுக்குள் அவர் வாழ்ந்த விதத்தில் அது இருந்தது.

பிறந்தது முகையூர்ப் பக்கம். அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். பள்ளி விடுமுறையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் நாட்கள் வந்தால் செல்வியும் போவார். ஆண்கள் செடியைப் பிடுங்கிக் குவிப்பார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து காய் ஆய்வார்கள். ஆய்ந்ததில் ஒரு பங்கு கூலி. விழுப்புரம் அரசுக் கல்லூரியில் கணினிப் பட்டம் படித்தார். அஞ்சல் வழியில் மேற்படிப்பு. அரசுப் பேருந்து நடத்துனர் ஒருவரைத் திருமணம் செய்துகொண்டார்; ரோஜா என்று ஒரு பெண். கல்லூரியில் சேர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் தற்காலிகப் பணிதான். அதைப் பற்றி ரயிலில் பெரிதாக அலுத்துக்கொண்டதில்லை. ஆனால் ஒவ்வொரு ஜூன் மாதமும் நிரந்தரப் பட்டியல் வரும் வாரத்தில் பேச்சு குறைந்துவிடும்.

ஜெகதீசன் அந்தக் கல்லூரிக்குச் சனிக்கிழமைகளில் வருகிறவர். விழுப்புரத்தை ஒட்டிய ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். ரோஜா அந்தப் பள்ளியில்தான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்திரண்டு வயதில் ஜெகதீசன் எங்கள் கல்லூரியில் பகுதிநேர ஆய்வு மாணவர். அவருடைய வழிகாட்டி பேராசிரியர் நடராசன். பதிவு செய்து ஏழு ஆண்டுகள் முடிந்து, நீட்டிப்பும் வாங்கி, அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடைக்காது என்ற கடைசி ஆண்டு அது. முடிக்காவிட்டால் ஏழு ஆண்டுச் சனிக்கிழமைகளும் போயின.

அவர் எடுத்துக்கொண்டது மல்லாட்டைப் பருப்பில் உள்ள ஒரு புரதம். சிலருக்கு அந்தப் பருப்பைத் தின்றால் உடம்பு தடித்து மூச்சு அடைக்கும். புரதத்தின் மேற்பரப்பில் எந்த இடத்தை உடம்பு எதிரி என்று பிடித்துக்கொள்கிறது என்பது கேள்வி. புரதத்துக்கு மேற்பரப்பு என்பதே ஒரு கற்பனைதான். அணுக்களை ஒட்டிக்கொண்ட உருண்டைகளாக நினைத்து, அவற்றின் மேல் ஒரு தண்ணீர்த் துளியை உருட்டிவிட்டால், அந்தத் துளி தொட முடிகிற எல்லையைத்தான் மேற்பரப்பு என்கிறார்கள். கணினி அதை மேடும் பள்ளமுமான ஒரு மூட்டையாக வரைந்து காட்டும். நடராசனின் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டை முழுவதும் பச்சை. உடம்பு பிடித்துக்கொள்ளும் இடம் மட்டும் சிவப்பு. அங்கே படித்த எல்லோருடைய ஆய்வேட்டிலும் இதே பச்சை, இதே சிவப்பு.

அந்தப் படங்களைத் தயார் செய்து தருவது ஆரோக்கியசெல்வியின் வேலைகளில் ஒன்று. ஒருமுறை கருத்தரங்குக்காக ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்தார். நிறம் குறிக்கும் இரண்டு வரிகளை அவசரத்தில் இடம் மாற்றித் தட்டியிருந்தார். கடையிலிருந்து வந்த சுருளை ஆய்வக மேசையில் விரித்த பிறகுதான் தெரிந்தது. மூட்டை முழுவதும் சிவப்பு; நடுவில் ஒரு பச்சைத் திட்டு. மன்னிப்புக் கேட்க வாயெடுத்த நேரத்தில் ஜெகதீசன் உள்ளே வந்தார். குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"சூப்பரா வந்துருக்கு மேடம். அந்த நடு எடத்துல செவப்பு பளிச்சுனு தெரியுது பாருங்க."

ஆரோக்கியசெல்வி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். சுருட்டத் தொடங்கினார்.

"மூலையில லேசா கிழிஞ்சிருக்கு சார். வேற அடிச்சி எடுத்துக்கினு வர்றேன்."

"எங்க கிழிஞ்சிருக்கு? தெரியலியே."

"எனக்குத் தெரியுது சார்," என்றார்.

அன்று மாலை வீட்டில் ரோஜாவிடம் பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறார். இதை ரோஜா பின்னால் எனக்குச் சொன்னாள்.

"உங்க கெமிஸ்ட்ரி சார் ப்ராக்டிகல் எப்பிடி எடுப்பாரு?"

"ஜாலியா இருக்கும்மா. உப்பை நெருப்புல காட்டுவாரு. என்ன கலரு சொல்லுங்கன்னு எங்களத்தான் கேப்பாரு. செங்கல் செவப்புன்னு ஒருத்தி சொன்னா உடனே ஒத்துக்க மாட்டாரு. இன்னொருத்தியக் கேப்பாரு. ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னாத்தான் அடுத்த உப்பு."

"அவரா சொல்லவே மாட்டாரா?"

"மாட்டாரு. மத்த வாத்தியாருங்க நம்மள எங்க நம்புறாங்க? எங்க சாரு மட்டும்தான் எங்க கண்ண நம்புவாரு." கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாளாம்: "ஏம்மா, சார்கிட்ட என்னப் பத்தி எதுனா கேட்டியா? எதுனா சொன்னாரா? பேஜாரு பண்ணாதம்மா, சொல்லு."

"உன்னப் பத்தி பேச எங்களுக்கு வேற வேலை இல்ல பாரு. போயி படி."

சிவப்பும் பச்சையும் ஜெகதீசனுக்கு ஒரே பழுப்பாகத்தான் தெரியும். பிறவியிலேயே அப்படி. வேலையில் சேர்ந்தபோது யாரும் அதைச் சோதிக்கவில்லை, அவராகவும் சொல்லவில்லை. வேதியியல் ஆசிரியர் நிறம் தெரியாதவர் என்று வெளியே வந்தால் வகுப்பு கைவிட்டுப் போகும் என்று பயம். ஆய்வில் சமாளித்தது இன்னும் கடினம். சிவப்புத் திட்டு எங்கே என்பதைப் புரதத்தின் வரிசை எண்களாக மனப்பாடம் செய்திருந்தார். படத்தை ஒரு திசையில் நிறுத்தி வைத்தால் சரியாகக் காட்டுவார். யாராவது சுட்டியால் சுழற்றிவிட்டால் தொலைந்தார். வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் சுழற்றிப் பார்க்காமல் விடமாட்டார். இதெல்லாம் அவர் எனக்குச் சொன்னது பிறகு, வெகுநாள் கழித்து.

அடுத்த சனிக்கிழமை ஆரோக்கியசெல்வி நடராசனிடம் போய் ஒரு யோசனை சொன்னார். ஆய்வேட்டின் ஒரு பிரதியைத்தான் வண்ணத்தில் அடிக்கிறோம், மற்றதெல்லாம் ஜெராக்ஸ். ஜெராக்ஸில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகிவிடுகின்றன. அதனால் நிறமே இல்லாமல், பேனாவால் வரைந்தது போலக் கோட்டிலும் புள்ளியிலும் படம் வருகிற மாதிரி ஒரு நிரல் எழுதிப் பார்க்கலாமா?

"பாகம் ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்ட பழைய பாடப்புத்தகப் படம் மாதிரியா?" என்றார் நடராசன். அவருக்கு நக்கல் இல்லாமல் சம்மதிக்கத் தெரியாது. "பண்ணும்மா. ஆனா சாயந்தரம் பசங்க ப்ராக்டிகலுக்கு சிஸ்டம் ரெடியா இருக்கணும்."

ஜெராக்ஸ் காரணம் பொய் கிடையாது. ஜெராக்ஸில் உண்மையாகவே எல்லாம் சாம்பலாகத்தான் வந்தது. ஆனால் அந்தச் சாம்பல் பன்னிரண்டு ஆண்டுகளாக வந்துகொண்டிருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதினார். முதலில் வந்த படங்கள் பார்க்கச் சகிக்கவில்லை. ஒவ்வொரு அணுவின் மேட்டுக்கும் கணினி கோடு இழுத்தது. அதை என்னிடம் கொண்டுவந்து காட்டியபோது நான் நல்லதாக எதுவும் சொல்லவில்லை. நடராசன் சொன்னார்.

"என்னம்மா இது? பலாப்பழமா?"

"புரதம் சார்."

"நான் பலாப்பழம்னே நெனச்சிக்கிறேன். அதுக்காவது வாசனை இருக்கும்."

பிறகு ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். பொருளின் விளிம்பில் தடித்த கோடு. ஒரு மேடு இன்னொரு மேட்டுக்குப் பின்னால் போகிற இடத்தில், பின்னால் போகும் கோட்டைச் சற்று முன்பே நிறுத்தி மெல்லிய வெள்ளை இடைவெளி. அந்த இடைவெளியால்தான் எது முன்னே, எது பின்னே என்று கண் பிடித்துக்கொள்கிறது. சிறிய மேடுகளை வழித்து மட்டமாக்கும் ஒரு கணக்கையும் சேர்த்தார். பலாப்பழத்தின் முள் போயிற்று. ஆனால் பள்ளங்கள் மட்டும் பள்ளங்களாகத் தெரியவில்லை. வெறும் வெள்ளைத் திட்டுகளாக இருந்தன.

அதற்கு வழி கிடைத்ததை ரயிலில் ஒருநாள் சொன்னார். பேரணி ஸ்டேஷனில் வண்டி நின்றிருந்தது. பக்கத்தில் ஒரு அம்மாள் சாக்கில் பச்சை மல்லாட்டை வைத்திருந்தார், வயலிலிருந்து வந்த மண்ணோடு.

"சின்ன வயசுல கூடை கூடையா ஆஞ்சிருக்கேன் சார். இப்பத்தான் பாக்குறேன். இந்தத் தோலுக்கு ஒரே கலருதான். ஆனா மேடு எது, குழி எதுன்னு நமக்குத் தெரியுது. ஏன்? கையில எடுத்து உதறுனா மேட்டுல இருக்குற மண்ணு உதுந்துடும். குழியில இருக்கறது உதுராது. எந்தக் குழி எவ்ளோ ஆழமோ அவ்ளோ மண்ணு."

கணினியில் அதையே செய்தார். மேற்பரப்பின் ஒவ்வொரு இடத்திலும் நின்றுகொண்டு வானம் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கிற ஒரு கணக்கு. மேட்டில் நின்றால் முழு வானமும் தெரியும். அங்கே ஒன்றும் வைக்க வேண்டாம். குழிக்குள் இறங்க இறங்க வானம் சுருங்கும். அங்கே புள்ளிகளை நெருக்கமாக வைக்க வேண்டும். மற்றவர்கள் இதைச் சாம்பல் நிழலாகப் பூசுவார்கள். ஆரோக்கியசெல்வி மண்ணாகத் தூவினார். இது உலகத்தில் யாரும் செய்யாதது என்று சொல்லமாட்டேன், செய்திருப்பார்கள். எனக்குத் தெரிந்து, மல்லாட்டைப் புரதத்தை மல்லாட்டையைப் பார்த்தே வரைந்தவர் அவர்தான்.

அந்தப் படத்தை எல்லோருக்கும் முன்னால் ஜெகதீசனிடம்தான் காட்டினார். நானும் அங்கே இருந்தேன். ஜெகதீசன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல்முறையாக அவரே சுட்டியைப் பிடித்துச் சுழற்றினார். மேலே, கீழே, பின்பக்கம்.

"மேடம், பள்ளத்தக் காணோமே."

"எந்தப் பள்ளம் சார்?"

"நம்ம பள்ளம். நான் ஏழு வருஷமா எதப் பத்தி எழுதிக்கினு இருக்கேனோ அந்தப் பள்ளம். இந்த எடத்துல இருக்கணும்." படத்தை நிறுத்தாமலே சுட்டிக்காட்டினார். "மட்டமா இருக்கு பாருங்க."

முள்ளை வழித்தபோது அந்தச் சிறிய பள்ளமும் சேர்ந்து நிரம்பிவிட்டிருந்தது. ஆரோக்கியசெல்விக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ஒரு வாரம் மறுபடி எழுதினார். எல்லா இடத்தையும் ஒரே அளவாக வழிக்காமல், ஆழமான இடங்களைத் தொடாமல் விட்டு மற்றதை மட்டும் வழிக்கும்படி. எதை விடுவது என்பதில்தான் படமே இருக்கிறது என்று அந்த வாரம் என்னிடம் சொன்னார். நான் ஒத்துக்கொண்டேன். அப்போது வேறு எதையும் அதில் நான் கேட்கவில்லை.

திருத்திய படத்தில் பள்ளம் இருந்தது. ஜெகதீசன் அதைப் பார்த்துவிட்டு இன்னொன்றையும் சொன்னார். "இதுக்குப் பக்கத்துல வாய்க்கா மாதிரி ஒண்ணு போவுது பாருங்க. வரப்ப ஒட்டிக்கினு." நடராசன் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். எண்களை எடுத்து அளந்து பார்த்தார். வாய்க்கால் இருந்தது. பள்ளம், வரப்பு, வாய்க்கால் எல்லாவற்றையும் சேர்த்து இத்தனை நாள் ஒரே சிவப்பாகப் பூசி வைத்திருந்தார்கள். பெரிய கண்டுபிடிப்பு என்று யாரும் கொண்டாடவில்லை. ஆய்வேட்டில் ஒன்றரைப் பக்கம் கூடியது. ஆனால் நடராசன் ஜெகதீசன் தோளில் தட்டி, "உனக்கு நல்ல கண்ணுய்யா," என்றார். ஜெகதீசன் தலையைக் குனிந்துகொண்டார். ஆரோக்கியசெல்வி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். வெளியே காற்று ஒன்றும் அடிக்கவில்லை.

வாய்மொழித் தேர்வு மார்ச் மாதம். வெளித் தேர்வாளர் சென்னையிலிருந்து வந்திருந்தார். அரங்கில் நாற்பது பேர் இருப்போம். பின்வரிசையில் மடிக்கணினியோடு படத்தை ஓட்டியவர் ஆரோக்கியசெல்வி. அன்று காலை கோப்புகளை அடுக்கும்போது ஜெகதீசனும் பக்கத்தில் இருந்தார். 'பழைய கலர்' என்று பெயரிட்ட ஒரு கோப்புறை திரையின் ஓரத்தில் கிடந்ததை அவர் பார்த்திருந்தார்.

பேச்சு நன்றாகவே போயிற்று. பாதியில் தேர்வாளர் கையை உயர்த்தினார்.

"கறுப்பு வெள்ளையில அழகாத்தான் இருக்கு. ஆனா இதோட கலர் வெர்ஷன் இருக்குமே? அதப் போடுங்களேன். ரொட்டேட் பண்ணி, சிவப்பு எங்க வருதுன்னு காட்டுங்க."

ஜெகதீசன் கையிலிருந்த லேசர் விளக்கை அணைத்தார். நடராசன் பின்னால் திரும்பினார். "செல்விம்மா, பழசு இருக்குல்ல?"

"இல்ல சார்," என்றார் ஆரோக்கியசெல்வி. "கலர் ஃபைலு எதுவும் இல்ல."

"இல்லியா?"

"இல்ல சார்."

நான் அவரைப் பன்னிரண்டு ஆண்டுகளாக அறிவேன். நூலகத்தில் ஒரு நாள் தாமதமாகக் கொடுத்த புத்தகத்துக்குத் தாமே அபராதச் சீட்டு எழுதிக் கேட்டவர். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் அதைச் சொன்னார்.

"சரி, பரவால்ல. இதுலயே சுத்திக் காட்டுங்க," என்றார் தேர்வாளர். பின்வரிசையில் இருந்தபடி ஆரோக்கியசெல்வி படத்தை மெல்லச் சுழற்றினார். ஜெகதீசன் பள்ளத்தைக் காட்டினார், வரப்பைக் காட்டினார், வாய்க்கால் பின்பக்கம் வளைந்து மறைகிற இடம்வரை கொண்டுபோனார். எங்கும் தடுமாறவில்லை. மதியம் பட்டத்துக்குப் பரிந்துரை செய்துவிட்டார்கள். எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் ஜெகதீசன் பின்வரிசைக்கு வந்தார். "மேடம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க காலையில—"

"வண்டிக்கு டைம் ஆயிடுச்சு சார்," என்றார் ஆரோக்கியசெல்வி, ஒயரைச் சுருட்டிக்கொண்டே. "ஜல்தியா சாப்பிடுங்க. கேசரி ஆறிப்போனா நல்லாருக்காது."

அவருக்கு எல்லாம் தெரியும் என்பது ஜெகதீசனுக்கு அன்றுதான் தெரிந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு நடந்ததைச் சொல்லித்தான் இதை முடிக்க முடியும். அந்த நிரலைப் பற்றி ஆரோக்கியசெல்வி தம் பெயரில் ஒரு கட்டுரை எழுதினார். நடராசன்தான் தூண்டினார். நிர்வாகமும் சொல்லியிருந்தது: ஒரு ஆய்வுக் கட்டுரை வெளிவந்தால் நிரந்தரப் பட்டியலுக்கு அவர் கோப்பை மேலே அனுப்பலாம். கட்டுரை ஓர் ஆய்விதழுக்குப் போயிற்று. பதில் வந்தது. புள்ளி முறை தெளிவாக உள்ளது. ஆனால் நிறத்தைக் கைவிட்டதற்கான காரணம் போதவில்லை. சிவப்பு பச்சை பிரித்தறிய இயலாத வாசகர்களுக்கு இம்முறை பயன்படலாம். அப்படிப்பட்ட ஒருவரேனும் இதைப் பயன்படுத்திப் பார்த்த விவரத்தைச் சேர்த்தால் வெளியிடலாம்.

அந்தத் தாளை நடராசன் ஆய்வகத்தில் உரக்கப் படித்தார். பட்டம் வாங்கிய பிறகும் சனிக்கிழமைகளில் வந்து போய்க்கொண்டிருந்த ஜெகதீசன் அப்போது அங்கே இருந்தார்.

"ஒரே ஒரு ஆளு போதுமாம்மா! திண்டிவனம், மயிலம், விக்கிரவாண்டி எல்லாம் தேடுனா கலர் தெரியாதவன் ஒருத்தன் கெடைக்க மாட்டானா? நம்ம ஆபீஸ்ல அப்பாதுரை போட்டுக்கினு வர்ற சட்டையப் பாத்தா, அவரே அந்த ஆளுதான்னு எனக்கு டவுட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். ஆரோக்கியசெல்வியும் சிரித்தார். ஜெகதீசன் சிரித்தாரா என்று நான் கவனிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஜெகதீசன் ஒரு கடிதத்தோடு வந்தார். கையால் எழுதியது. தமக்குப் பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது; ஆரோக்கியசெல்வியின் படத்தால்தான் தம் ஆய்வுப் பொருளை முதல்முறையாகத் தம் கண்ணால் பார்த்தார்; தம் பெயரையும் பதவியையும் பள்ளியையும் கட்டுரையில் அச்சிடலாம். கீழே கையெழுத்து. பள்ளியின் பெயரை எழுதிய இடத்தில் மை சற்று அழுத்தமாக விழுந்திருந்தது. கொடுப்பதற்கு முன் என்னிடம் காட்டினார். நூலகத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னதும் அன்றுதான்.

ஆரோக்கியசெல்வி அதை வாங்கி நின்றபடியே படித்தார். இரண்டு முறை படித்தார் என்று நினைக்கிறேன்.

"தேதி போடலியே சார்."

ஜெகதீசன் பேனாவை எடுத்துத் தேதி போட்டுக் கொடுத்தார். அவர் அதை நான்காக மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். இரண்டு பேருக்குமே நிம்மதியாக இருந்தது போலத்தான் எனக்குப் பட்டது. ஜூன் மாதத்துக்கு இன்னும் ஐந்து வாரங்கள் இருந்தன.

ஆய்விதழுக்கு ஆரோக்கியசெல்வி ஏன் அப்படிப் பதில் எழுதினார் என்று பின்னால் நடராசன் கேட்டார், கத்தினார்கூட. ஜெகதீசன் கேட்டார். விக்கிரவாண்டி தாண்டும்போது ஒருநாள் நானும் கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கடிதம் இப்போதும் அவரிடம் இருக்கிறதாம், ரோஜா சொல்கிறாள். பைபிளுக்குள் வைத்திருக்கிறார்.

கடிதம் வாங்கிய அன்று மாலை, கணினிகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு, தம்முடையதை மட்டும் அணைக்காமல் உட்கார்ந்து ஆய்விதழுக்குப் பதில் எழுதினார். நிறத்தைக் கைவிட்ட காரணத்தைக் கேட்டிருந்த இடத்தில் பழைய வரியையே மறுபடியும் வைத்தார்: ஜெராக்ஸில் தெளிவாக வருவதற்காக. பயன்படுத்திப் பார்த்தவர் விவரம் கேட்டிருந்த இடத்தை வெறுமையாக விட்டார். அனுப்பிவிட்டு, ஐந்தே முக்கால் வண்டிக்கு ஸ்டேஷனுக்கு நடந்தார்.